மூட்டை தூக்கலாம், ஏணி ஏறலாமா?

“எப்பங்கண்ணா வேலைக்குப் போலாம்?”

இதய வால்வு மாற்றிக்கொண்டு வீடு திரும்புகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான். ஏற்காடு ஒண்டிக்கடைப் பக்கம் டீக்கடையில் என்னிடம் அதைக் கேட்டவருக்கு நாற்பது வயது இருக்காது. தோட்டத்தில் கவாத்து வெட்டுவார், மிளகு சீசனில் ஏணி போட்டு மிளகு பறிப்பார். சட்டையின் மேல் பொத்தான் போடாத இடத்தில் தழும்பின் நுனி தெரிந்தது. சேர்வராயன் மலை முழுக்கக் காப்பி விளைந்தாலும் தோட்டத்து ஆட்கள் குடிப்பது டீதான். அவரும் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு விஷயத்தைச் சொன்னார்.

“டாக்டரு மூணு மாசம் ஆகட்டும்னாரு. மேஸ்திரி, தை பொறந்தா மெளகு ஆரம்பிச்சிரும், வந்துருங்கறாரு. வீட்ல, இனிமே தோட்டத்துப் பக்கமே போவாதங்கறாங்க. இதுல யாரு சொல்றது சரிங்கண்ணா?”

மூவர் சொல்வதும் பாதி பாதி சரி. ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் சொல்லிவிடக்கூடிய சமாச்சாரம் இல்லை இது. இன்னொரு டீ சொல்லிவிட்டு ஆரம்பித்தோம்.

கிணற்றில் பம்ப்செட் குழாயின் அடியில் ஃபுட்வால்வு இருக்கும். மேலே ஏறிய தண்ணீரைத் திரும்பக் கீழே இறங்க விடாது. இதயத்துக்குள் அப்படி நான்கு வால்வுகள். நிமிடத்துக்கு 70 துடிப்பு என்று வைத்தால் ஒவ்வொன்றும் நாளுக்கு ஒரு லட்சம் தடவை திறந்து மூடும். ஒன்று சுருங்கிப்போனாலும், சரியாக மூடாமல் ஒழுகினாலும், ரத்தம் நுரையீரல் பக்கம் தேங்கும். மேட்டில் நாலடி வைத்தாலே மூச்சு இரைக்கும், படுத்தால் எழுந்து உட்கார வேண்டியிருக்கும்.

நாற்பது வயதுக்குள் ஒருவருக்கு வால்வு கெட்டிருக்கிறது என்றால், நம் ஊரில் முதலில் சந்தேகப்பட வேண்டியது சின்ன வயதில் வந்துபோன முடக்குக் காய்ச்சலை. பள்ளிக்கூடப் பிள்ளைக்குத் தொண்டை வலி வரும். அது சரியாகி இரண்டு மூன்று வாரத்தில் முட்டி, கணுக்கால் வீங்கிக் காய்ச்சல் அடிக்கும். வளர்ற வயசு வலி என்று விட்டுவிடுவார்கள். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற கிருமியை எதிர்க்கக் கிளம்பிய உடம்பு, ஆள் தெரியாமல் சொந்த வால்வையே தாக்கிவிடும். நெருக்கமாக ஒரே அறையில் பலர் படுக்கிற லைன் வீடுகளில் இந்தத் தொண்டைக் கிருமி சுலபமாகப் பரவும். வால்வு சுருங்கித் தொந்தரவு தெரியவே இருபது வருஷம்கூட ஆகலாம்.

நாள் கணக்குக்கு வருவதற்கு முன்னால் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். ‘வால்வு ஆபரேஷன்’ என்று நாம் பொதுவாகச் சொல்வது ஒரே காரியம் அல்ல. சுருங்கிய வால்வைத் தொடை வழியாகப் பலூன் அனுப்பி விரிப்பது ஒன்று. ஜப்பானிய மருத்துவர் கான்ஜி இனோவே 1980-களில் கொண்டுவந்த முறை, இன்றைக்கு இங்கே சர்வசாதாரணமாக நடக்கிறது. நெஞ்சைத் திறப்பதில்லை என்பதால் பலர் ஓரிரு வாரத்தில் பழைய வேலைக்குத் திரும்பிவிடுகிறார்கள். தொடை வழியாகவே புது வால்வைக் கொண்டுபோய்ப் பொருத்துவதும் உண்டு. 2002-இல் பிரான்ஸில் அலென் கிரிபியே முதன்முதலில் செய்தார். ரோலிங் ஸ்டோன்ஸ் பாடகர் மிக் ஜாகர் 2019 ஏப்ரலில் அப்படிச் செய்துகொண்டு, ஜூன் மாதமே சிகாகோ மேடையில் ஆடிப் பாடினார். ‘எழுபத்தஞ்சு வயசுக்காரர் ரெண்டரை மாசத்துல ஆடுறார், உனக்கென்ன’ என்று யாராவது அந்த வீடியோவைக் காட்டினால் நம்பிவிடாதீர்கள். அவருடைய நெஞ்செலும்பை அறுக்கவில்லை. நம் டீக்கடை நண்பருக்கு அறுத்திருக்கிறார்கள்.

டாக்டர் சொன்ன மூன்று மாதம் அந்த எலும்பின் கணக்குதான். நடுநெஞ்செலும்பை நீளவாக்கில் ரம்பத்தால் பிளந்து, வேலை முடிந்ததும் ஸ்டீல் கம்பியால் முறுக்கிக் கட்டுகிறார்கள். கை முறிந்தால் மாவுக்கட்டுப் போட்டு அசையாமல் வைக்கலாம். நெஞ்சுக்கு அது முடியாது, மூச்சு விடும்போதெல்லாம் அசையும். ஆறிலிருந்து எட்டு வாரத்தில் எலும்பு ஒட்டும், நன்றாக இறுகப் பன்னிரண்டு வாரம் ஆகும். அதுவரை இரண்டு மூன்று கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது. தள்ளுவது, இழுப்பது, தலைக்கு மேல் கை வீசி வெட்டுவது எதுவும் கூடாது. களத்தில் காப்பிக்கொட்டையைப் பலகை போட்டு இழுத்துக் காயவைப்பது லேசான வேலையாகத் தெரியும். உண்மையில் அது முழுக்க நெஞ்சில் விழுகிற இழுப்பு. பைக் ஓட்டுவதையும் அதே மூன்று மாதத்துக்குத் தள்ளிவைப்பது நல்லது.

மலைக்காரர்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். சேலத்திலிருந்து மேலே வர இருபது கொண்டை ஊசி வளைவுகள். டிஸ்சார்ஜ் ஆகி வரும் நாளில் ஒரு தலையணையை மடியில் வைத்துக்கொள்ளுங்கள். வளைவு வரும்போதும் இருமல் வரும்போதும் அதை நெஞ்சோடு இறுக்கி அணைத்துக்கொண்டால் எலும்பு குலுங்காது. பஸ்ஸானால் கடைசி சீட் வேண்டாம்.

இங்கே பேச்சை நிறுத்திவிட்டு, கூட வந்திருந்த நண்பரின் மனைவியிடம் ஒரு கேள்வி கேட்டேன். “இதே ஆபரேஷன் உங்களுக்கு நடந்திருந்தா எப்பம்மா வேலைக்குப் போவீங்க?” சிரித்தார். “நான் எங்கண்ணா போறது, வீட்லதான இருப்பேன்.”

பெண்களுக்கு நடக்கும் அநியாயம் இந்தப் பதிலுக்குள் இருக்கிறது. ஆணுக்கு ‘வேலைக்குத் திரும்பும் நாள்’ என்று ஒன்றைக் குறிக்கிறோம். பெண்ணோ வீடு வந்த பத்தாம் நாளே வேலைக்குத் திரும்பிவிடுகிறாள், அதை வேலை என்று யாரும் கணக்கெடுப்பதில்லை. ஒரு பிளாஸ்டிக் குடம் தண்ணீர் பன்னிரண்டு, பதினைந்து கிலோ. இடுப்புக்குத் தூக்கி ஏற்றும்போது அறுத்த எலும்பு முறுக்கப்படுகிறது. துணி பிழிவதும், விறகு பிளப்பதும், அழுகிற குழந்தையை அள்ளித் தூக்குவதும் அதே கணக்குத்தான். முடக்குக் காய்ச்சலால் வால்வு கெடுவது ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம். பல இளம்பெண்களுக்குப் பிள்ளை உண்டாகி மூச்சு வாங்கும்போதுதான் கோளாறு இருப்பதே தெரியவருகிறது. வால்வு மாற்றிய பெண் இருக்கும் வீட்டில் மூன்று மாதம் குடம் தூக்க வேறு ஆள் யார் என்பதை ஆபரேஷன் தேதிக்கு முன்பே முடிவுசெய்துவிட வேண்டும். மாமியார் முகம் கோணினால் கோணட்டும்.

எலும்பு ஒட்டிவிட்டது. இதயம் தாங்குமா? ஓய்வாக உட்கார்ந்திருக்கும்போது உடம்பு செலவழிக்கும் சக்தியை 1 என்று வையுங்கள். மேசை வேலைக்கு ஒன்றரை, சமதளத்தில் நிதானமாக நடக்க 3. சுமையோடு மேடு ஏறினால் 7, 8 என்று போகும். ட்ரெட்மில் சோதனையில் ஒருவரால் அதிகபட்சம் 8 வரை முடிகிறது என்றால், நாள் முழுக்கச் செய்யும் வேலையின் சராசரி அதில் நாற்பது சதவீதத்துக்குள், அதாவது 3 சுமாருக்கு இருந்தால் உடம்பு தாங்கும். நடுவில் கொஞ்ச நேரம் ஏறலாம், எட்டு மணி நேரமும் அங்கேயே நிற்க முடியாது. அதனால்தான் சேலத்தில் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிறவர் ஆறு எட்டு வாரத்தில் போய்விடலாம், தோட்டத்துக்காரர் பன்னிரண்டு வாரமும் பொறுக்க வேண்டும் என்கிறார்கள்.

ஏற்காடு 1500 மீட்டர் உயரம். கடல் மட்டத்தைவிடக் காற்று ஆறில் ஒரு பங்கு இளைத்துத்தான் இருக்கும். மலையிலேயே பிறந்து வளர்ந்தவருக்கு அது ஒரு பொருட்டல்ல. சரிவுதான் பொருட்டு. நாகலூரிலும் வெள்ளக்கடையிலும் மளிகைக் கடைக்குப் போய்வருவதுகூட ஏற்ற இறக்கம்தான். சமதளம் வேண்டுமானால் ஏரிக்கரைச் சாலை இருக்கிறது. முதல் வாரம் ஐந்து நிமிடம், பிறகு பத்து, ஆறாவது வாரம் அரை மணி என்று அங்கே நடந்து பழகலாம். நடந்துகொண்டே முழு வாக்கியம் பேச முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால் அந்த வேகம் சரி, வாக்கியம் பாதியில் அறுந்தால் நின்றுவிடுங்கள்.

நண்பர் நிமிர்ந்து உட்கார்ந்தார். “அப்ப மூணு மாசம் கழிச்சு மூட்ட தூக்கலாம்?”

எக்கோவும் ட்ரெட்மில்லும் சரி என்று டாக்டர் சொன்னால் தூக்கலாம். கவாத்து வெட்டலாம், பழம் பறிக்கலாம், சரிவில் ஏறலாம். இதயத்துக்கு முன்பைவிட இப்போது வேலை சுலபம். வீட்டில் பயப்படுவது சுமையைப் பார்த்து. அந்தப் பயம் மூன்று மாதத்தில் காலாவதியாகிவிடும். காலாவதியாகாத ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது, அதைப் பார்த்து யாரும் பயப்படுவதே இல்லை.

அவருக்கு வைத்திருப்பது உலோக வால்வு. நம் நாட்டில் இந்த வகையில் பெயர்பெற்றது சித்ரா வால்வு. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் டாக்டர் எம்.எஸ். வலியத்தான் தலைமையில் உருவானது. முதல் மூன்று வடிவங்களும் தோற்று, நான்காவது தேறி, 1990 டிசம்பரில் முதல் நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. உலோக வளையத்துக்குள் சாய்ந்து திறக்கும் ஒரே ஒரு பாலிஎத்திலீன் தட்டு. தயாரிப்பது நம் வீட்டு பிரஷர் குக்கரில் பேர் பார்த்திருப்பீர்களே, அந்த டி.டி.கே. குழுமம். இதுவரை ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு வைத்திருக்கிறார்கள். வலியத்தான் 2024 ஜூலையில் காலமானபோது நம் பத்திரிகைகள் இன்னும் கொஞ்சம் இடம் ஒதுக்கியிருக்கலாம்.

செயற்கை வால்வு எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும், ரத்தம் அதை அந்நியப் பொருளாகவே பார்க்கும். தட்டின் ஓரத்தில் ரத்தக் கட்டி சேர்ந்தால் வால்வு சிக்கிக்கொள்ளும், கட்டி பிய்ந்து மூளைக்குப் போனால் பக்கவாதம். அதனால் உயிருள்ளவரை ரத்தம் உறைவதைத் தாமதப்படுத்தும் மாத்திரை உண்டு. இங்கே பெரும்பாலும் அசிட்ரோம், சிலருக்கு வார்ஃபரின். வார்ஃபரின் 1948-இல் எலி மருந்தாகக் கடைக்கு வந்து, 1954-இல் மனிதருக்கு மருந்தானது. அதற்கு மறு ஆண்டே மாரடைப்பு வந்த அமெரிக்க ஜனாதிபதி ஐசனோவருக்கும் அதைக் கொடுத்தார்கள்.

மாத்திரை சரியான அளவில் வேலை செய்கிறதா என்று பார்க்கும் ரத்தச் சோதனைக்கு ஐ.என்.ஆர். என்று பெயர். மாத்திரை சாப்பிடாதவருக்கு 1 இருக்கும். நான்கு வால்வுகளில் மைட்ரல் என்ற வால்வின் இடத்தில் உலோகம் வைத்தவருக்குப் பொதுவாக 2.5-க்கும் 3.5-க்கும் நடுவில் இருக்க வேண்டும். குறைந்தால் கட்டி, கூடினால் ரத்தப்போக்கு. முதலில் வாரம் ஒரு தடவை, நிலைப்பட்ட பிறகு மாதம் ஒரு தடவை பார்க்க வேண்டும். நண்பர் சட்டைப் பையிலிருந்து நாற்பது பக்க நோட்டு ஒன்றை எடுத்துக் காட்டினார். தேதி, ஐ.என்.ஆர்., மாத்திரை அளவு என்று மகள் கோடு போட்டுக் கொடுத்திருக்கிறாள். கடைசி வரிசை காலி. “சேலம் எறங்குனா ஒரு நாள் கூலி போச்சுங்கண்ணா.” போனாலும் அந்த வரிசை காலியாக இருக்கக் கூடாது. ஒரு வேளை மாத்திரை மறந்தால் மறுநாள் இரண்டாகப் போடவும் கூடாது.

கீரையே சாப்பிடக் கூடாது என்று ஒரு பேச்சு உலவுகிறது. சரியில்லை. முருங்கைக்கீரையில் இருக்கும் வைட்டமின் கே மாத்திரையின் வேகத்தைக் குறைக்கும் என்பது உண்மை. ஒரு வாரம் தினமும் கீரை, அடுத்த வாரம் சுத்தமாக இல்லை என்று போனால்தான் ஐ.என்.ஆர். தாறுமாறாகும். எப்போதும் சாப்பிடுகிற அளவையே சீராகச் சாப்பிட்டால் டாக்டர் அதற்கேற்ப மாத்திரையை வைப்பார். கீரையைவிட மோசமானது கைகால் வலிக்கு மெடிக்கலில் கேட்டு வாங்கிப் போடும் வலி மாத்திரையும், இடுப்பில் போட்டுக்கொள்ளும் வலி ஊசியும். அசிட்ரோமோடு சேர்ந்தால் வயிற்றில் ரத்தம் கசியும், ஊசி போட்ட இடம் உள்ளுக்குள் ரத்தம் கட்டி வீங்கும். முடக்குக் காய்ச்சலுக்காக 21 நாளுக்கு ஒருமுறை பெனிசிலின் ஊசி போட்டு வந்தவர்கள் அதைத் தாங்களாக நிறுத்தவும் வேண்டாம், தொடரவும் வேண்டாம். ஊசியா மாத்திரையா என்பதை டாக்டர் முடிவு செய்யட்டும். பிள்ளை பெற நினைக்கும் பெண்கள் உண்டாவதற்கு முன்பே போய்ப் பேச வேண்டும். ரத்தம் உறைவதைத் தாமதப்படுத்தும் இந்த மாத்திரை கருவின் முதல் மாதங்களில் பிள்ளையைப் பாதிக்கக்கூடியது.

இப்போது ஏணிக்கு வருவோம். இங்கே மிளகுக்கொடி சில்வர் ஓக் மரத்தில் ஏறிப் படர்ந்திருக்கும். இருபது முப்பது அடி உயரத்தில் ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறு கையால் சரம் கிள்ள வேண்டும். பனி ஈரத்தில் கால் வழுக்கும். மற்றவர்கள் விழுந்தால் கால் முறியும். அசிட்ரோம் சாப்பிடுகிறவர் விழுந்து தலையில் அடிபட்டால், வெளியே ஒரு கீறல்கூட இல்லாமல் மண்டைக்குள் ரத்தம் கசிந்துகொண்டே இருக்கலாம். எழுந்து உட்கார்ந்து டீ குடித்துவிட்டு, சாயங்காலம் தலைவலி என்று படுப்பார். அவசரத்துக்கு ஸ்கேன் எடுக்க வேண்டிய இடம் இருபது வளைவுக்குக் கீழே சேலத்தில் இருக்கிறது. ஆகவே தலையில் அடி என்றால் காயம் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு நிற்காமல் அப்போதே 108-ஐக் கூப்பிட வேண்டும். மிளகு ஏணியும், நிழல் கழிக்க மரம் ஏறுவதும் இந்த மாத்திரை சாப்பிடும்வரை கிடையாது. மாத்திரையோ ஆயுசுக்கும்.

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. மிளகு சீசன் கூலி மற்ற நாள் கூலியைவிட நல்ல கூலி.

இதை ஆபரேஷனுக்கு முன்பே யாராவது அவரிடம் கேட்டிருக்க வேண்டும். பன்றி வால்விலோ மாட்டின் இதய உறையிலோ செய்த திசு வால்வு என்று ஒன்று உண்டு. அதற்கு ஆயுசுக்கும் இந்த மாத்திரை பெரும்பாலும் தேவைப்படாது. ஆனால் பத்துப் பதினைந்து வருஷத்தில் தேய்ந்துபோகும், இளம் வயதில் இன்னும் சீக்கிரம். அதனால்தான் ஐம்பது வயதுக்குள் இருப்பவருக்கு உலோகத்தைப் பரிந்துரைக்கிறார்கள். அவருக்கும் அதுவே சரியாக இருந்திருக்கலாம். இருந்தாலும் ‘நான் மரம் ஏறிப் பிழைக்கிறவன்’ என்ற தகவல் சர்ஜன் காதில் விழுந்த பிறகு எடுக்கப்படும் முடிவும், ‘தொழில்: கூலி’ என்று கேஸ் ஷீட்டில் எழுதிவிட்டு எடுக்கும் முடிவும் ஒன்றல்ல.

செலவுக்கு வழி இருக்கிறது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை கிடைக்கும், வால்வு மாற்றுவதும் அதில் அடங்கும். மூன்று மாதக் கூலிக்குத்தான் வழி இல்லை. ஈ.எஸ்.ஐ. இருக்கும் மில் தொழிலாளிக்கு நோய்க்காலத்தில் 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் வரும். தோட்டத் தொழிலாளர் சட்டம் 1951-லேயே நோய்க்காலப் படி பற்றிப் பேசியது, ஆனால் அது பெரிய தோட்டங்களின் பதிவு ஆட்களுக்கு. இரண்டு மூன்று ஏக்கர்க்காரர்களிடம் நாள் கூலிக்குப் போகிறவருக்கு எட்டாது. இவரைப் போன்றவர் எட்டாம் வாரமே ஏணியைத் தொடுவதற்குக் காரணம் அறியாமை இல்லை, அடுப்பு.

பல்லையும் காய்ச்சலையும் பற்றி ஒரு வார்த்தை. செயற்கை வால்வில் கிருமி குடியேறினால் உயிருக்கே ஆபத்து, அது நுழையும் முக்கியமான வாசல் ஈறு. பல் பிடுங்கப் போனால் முதலிலேயே வால்வு விஷயத்தைச் சொல்லுங்கள், முன்கூட்டியே ஒரு மருந்து கொடுப்பார்கள். காய்ச்சல் இரண்டு நாளுக்கு மேல் நீடித்தால் மெடிக்கலில் ஆன்டிபயாட்டிக் வாங்கிப் போடாதீர்கள். அது போட்டுவிட்டால் ரத்தத்தில் இருக்கும் கிருமி சோதனையில் சிக்காமல் போய்விடும்.

ஆக மேஸ்திரிக்கு என்ன பதில்? தை மாதம் ஆள் வருவார், தரையில் நிற்பார். பறித்துப் போட்ட மிளகைச் சேர்ப்பது, மிதித்துப் பிரிப்பது, காயவைப்பது, காப்பிக்கொட்டை பொறுக்குவது, நாற்றங்காலில் பை நிரப்புவது, பிறகு கவாத்து என்று ஒரு தோட்டத்தில் ஏணி இல்லாத வேலை நிறையவே இருக்கிறது. இதயத்துக்கு வால்வு போட்ட ஆள் என்று ஒரேயடியாகக் கழித்துவிட வேண்டாம் என்று தோட்டக்காரர்களையும் கேட்டுக்கொள்கிறேன். அவரால் முடியாதது ஏணியும் மரமும்தான்.

டாக்டர்கள் சர்டிபிகேட்டில் ‘லைட் ஒர்க்’ என்று எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். எந்தத் தோட்டத்திலும் அப்படிப் பெயருள்ள வேலை கிடையாது. அதனால் அடுத்த செக்கப்பில் வேலையைப் பேர் சொல்லி எழுதித் தரச் சொல்லுங்கள்: எந்தத் தேதியிலிருந்து எத்தனை கிலோ தூக்கலாம், சரிவில் ஏறலாமா, கத்தி வேலை செய்யலாமா, ஏணியும் மரமும் நிரந்தரமாகக் கூடாது. ஆங்கிலத்தில் எழுதினாலும் கீழே தமிழில் ஒரு வரி கேட்டு வாங்குங்கள். அதைப் படிக்கப்போகிறவர் மேஸ்திரி.